மணல் மாதங்கள்

பங்குனியில் கொள்ளிடத்து மணலில் இறங்கி நடக்கிறவர்களின் முகங்களில் ஒரு நிறைவு தெரிகிறது. ஆற்றில் தண்ணீர் கிடையாது. ஏதாவது ஒரு கரையோரம் கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்தால் உண்டு. மற்றபடி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு மணல், நாணல் திட்டுகள், வெயில். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுகிறார்கள். பெண்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து புளிசாதப் பொட்டலங்களைப் பிரிக்கிறார்கள். வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தடவி விற்கிறவர் மணலில் குடையை ஊன்றி அதன் நிழலில் கூடையை வைத்திருக்கிறார். தண்ணீர் இல்லாத ஆற்றிடமிருந்து இவ்வளவு சந்தோஷத்தை எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பது நெடுநாளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. ஆடிப்பெருக்கைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. புதுத்தண்ணீரும் காதோலை கருகமணியும் சப்பரத்தட்டியும் கதைகளிலும் சினிமாக்களிலும் நிறைந்து கிடக்கின்றன. ஆடியில் ஆறு வறண்டிருந்தால் மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. பங்குனியிலும் சித்திரையிலும் அதே ஆறு வறண்டு கிடக்க, அதன் மடியிலேயே ஊர் ஊராக வந்து உட்கார்ந்து எழுந்து போவதைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை. அது பேசத் தகுந்ததா, அந்தச் சந்தோஷத்தில் ஏதாவது குற்றம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

காவிரி டெல்டாவின் வசந்தம் தண்ணீர் வருவதற்கும் போவதற்கும் நடுவில் கிடக்கிற இடைவெளியில்தான் நிகழ்கிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு அந்த இடைவெளிக்குத் தேதிகளும் வந்துவிட்டன. ஜூன் 12இல் திறப்பு, ஜனவரி 28இல் மூடல் என்பது ஏட்டுக் கணக்கு. அணையின் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் அன்றைக்கு எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துத் தேதி முன்பின்னாக நகரும். ஆனாலும் தை கழிந்தால் ஆறு ஓயும் என்பது பொதுவான நியதி. அணைக்கு முன்பும் கோடையில் காவிரி மெலிந்துதான் போயிருக்கும். மேற்கே குடகில் மழை பிடிக்கிற வரைக்கும் கீழே இருக்கிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருக்கும் காலத்தில்தான் புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டு எண்ணெய் தடவியது போன்ற பசுந்தளிரை விடுகிறது. வேம்பு பூக்கிறது. கரையோர இலுப்பைகள் விடியலுக்கு முன்பே பூக்களை உதிர்த்துவிட்டு நிற்க, காலையில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் புளித்த தித்திப்பு மூக்கில் ஏறுகிறது. திருவிழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் காலில் கொஞ்சம் ஓய்வும் இருக்கிற மாதங்கள் இவை. ஆறும் ஓய்கிறது, ஆட்களும் ஓய்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது தற்செயல் கிடையாது.

நான் ஆற்றங்கரைக்காரன் இல்லை. எங்கள் பூலாம்பாடி மேட்டு நிலத்து ஊர். மேற்கே பச்சைமலை நிற்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி. மழை பார்த்துப் பயிர் வைப்பவர்கள், கிணறு பார்த்துப் பயிர் வைப்பவர்கள், இரண்டும் கைவிட்டால் மலேசியாவுக்குக் கப்பலேறிப் பிறகு விமானமேறிப் போனவர்கள் என்று எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் வரலாற்றை மூன்றாகப் பிரித்துவிடலாம். எங்கள் ஓடைகள் மழைக்காலத்தில் மட்டும் ஓடி வெள்ளாற்றில் விழுந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடையே கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடி அணை வந்த பிறகு காணும் பொங்கலுக்குப் போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது. லாடபுரத்து மயிலூற்று அருவியும் மழை இருந்தால்தான் அருவி. இப்படிப்பட்ட ஊரிலிருந்து பெரம்பலூர், அரியலூர் தாண்டி வேன் பிடித்துக் கொள்ளிடக் கரைக்கு வருகிறவர்களுக்கு அந்த அகலமே ஒரு விருந்து. வறண்ட ஆற்றைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று ஒருமுறை நான் கேட்டபோது என் பெரியப்பா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “தண்ணி போனா வரும்டா தம்பி. இம்புட்டு மணலு கெடக்குற எடத்துலதான வந்து நிக்கும்.” கிணற்றுக்காரனின் கண்ணால் ஆற்றைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் அது. கிணற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்துதான் வருகிறது என்பதை ஒவ்வொரு கோடையிலும் தூர் வாரி அறிந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

மணலில் ஊற்றுத் தோண்டுவதைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மேல் மணல் கை வைக்க முடியாதபடி சுடும், விரலிடுக்கில் நிற்காமல் ஓடும். அதை அகலமாக ஒதுக்கித் தள்ள வேண்டும். குறுகலாகத் தோண்டினால் பக்கங்கள் சரிந்து குழியை மூடிவிடும். முழங்கையளவு போனதும் மணலின் நிறம் மாறுகிறது. வெளிர் மஞ்சள் பழுப்பாகிறது, பிடித்தால் உருண்டையாக நிற்கிறது, உள்ளங்கையில் குளிர்ச்சி தட்டுகிறது. இன்னும் கொஞ்சம் போனால் குழியின் அடியில் ஒரு கண் திறப்பது தெரியும். முதலில் வருவது கலங்கல். அதைக் கொட்டாங்கச்சியால் இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாவதாக ஊறுவதையும் இறைக்க வேண்டும். மூன்றாவதாக வருகிற தண்ணீரில் அடியில் கிடக்கிற மணல் ஒவ்வொன்றாகத் தெரியும். பெரியவர்கள் அதை அள்ளிக் குடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடி மணல் நனைந்திருக்கும் வரைக்கும் ஆறு வற்றியதாகச் சொல்ல மாட்டார்கள். ஆறு உள்ளே போய்விட்டது என்பார்கள். இது வெறும் பேச்சு கிடையாது. மணற்படுகையின் இடுக்குகளில் தேங்கி மெதுவாகக் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் நீரைத்தான் கொள்ளிடத்தில் இறக்கியிருக்கும் சேகரிப்புக் கிணறுகள் எடுத்து ஊர்களுக்கு அனுப்புகின்றன. பெரம்பலூர் நகரத்தின் குழாயில் வருவது கொள்ளிடத்துத் தண்ணீர். தொலைவில் இருக்கிற இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் காவிரிப் படுகையை நம்பித்தான் நடக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது நீரின் இயல்பு. பள்ளத்து மணலிலிருந்து மேட்டு நிலத்துக்காரர்களான எங்களுக்கு அது ஏறி வருகிறது. கோடையில் ஆற்று மணலில் உட்கார்ந்து சோறு தின்கிறவன் தன் வீட்டுக் குடத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறான்.

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில் திருமழபாடி இருக்கிறது. பங்குனிப் புனர்பூசத்தில் அங்கே நந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தெற்கே திருவையாறு. பெண் சுயசாம்பிகை, வியாக்கிரபாதரின் மகள். மாப்பிள்ளை அலங்காரத்தோடு நந்தி புறப்பட, ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பெற்றவர்களின் இடத்தில் நின்று கூட வருகிறார்கள். தில்லைஸ்தானம், கடுவெளி, வைத்தியநாதன்பேட்டை வழியாக வந்து கொள்ளிடத்தைக் கடந்து வடகரை ஏறினால் பெண் வீட்டார் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது இரண்டு கரையிலும் வழங்கும் பழமொழி. அதை நம்பி வருகிற பெண்களும் பையன்களும் அவர்களைப் பெற்றவர்களும் அன்றைக்குத் தெருவை அடைத்து நிற்பார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஆறு வழி விட வேண்டும் என்பது இந்தச் சடங்கின் உள்ளே யாரும் சொல்லாமல் இருக்கிற நிபந்தனை. ஐப்பசியில் இந்தக் கல்யாணத்தை வைத்திருந்தால் ஓடமும் பரிசலும் ஆள் பயமும் சேர்ந்திருக்கும். பங்குனியில் வைத்தவர்கள் ஆற்றின் ஓய்வை அறிந்து வைத்தார்கள். திருவையாற்றைப் பற்றிய இன்னொரு கதையிலும் மணல் வழி வருகிறது. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கண்டியூரில் வணங்கிவிட்டு வடகரைத் திருவையாற்றைப் பார்க்கிறார்கள். காவிரியில் கரை புரளும் வெள்ளம். சுந்தரர் பாடவே வெள்ளம் பிரிந்து நடுவே மணல் தெரிகிறது, இருவரும் நடந்து போகிறார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. வெள்ளத்தின் நடுவே மணலைக் காட்டுவதை அருள் என்று கருதிய மனம் ஒன்று இங்கே இருந்திருக்கிறது. அந்த மனத்துக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டியதோ அவ்வளவு வழியும் வேண்டியிருந்தது.

கல்யாணம் முடிந்து அடுத்த மாதம் சித்திரை விசாகத்தை ஒட்டித் திருவையாற்றில் ஏழூர்த் திருவிழா. புதுத் தம்பதி ஊர்வலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐயாறப்பரும் அம்மையும் கண்ணாடிப் பல்லக்கில், நந்தியும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஒவ்வோர் ஊருக்கும் போய் அந்தந்த ஊர்ச் சாமியின் பல்லக்கையும் சேர்த்துக்கொண்டு மறுநாள் ஏழு பல்லக்குகளாகத் திருவையாறு திரும்புகிறார்கள். கல்யாணத்துக்குப் பழம் வந்தது பழனத்திலிருந்து, சோறு சோற்றுத்துறையிலிருந்து, வேதியர்கள் வேதிகுடியிலிருந்து, பூ பூந்துருத்தியிலிருந்து, நெய் நெய்த்தானமாகிய தில்லைஸ்தானத்திலிருந்து என்று கணக்குச் சொல்லி, கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லப் போவதாக ஐதீகம். பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்கும், பூந்துருத்தியிலிருந்து தில்லைஸ்தானத்துக்கும் போகிற வழியில் ஆறு குறுக்கே வருகிறது. கரைச் சரிவில் இறங்கும்போது முன்னால் தாங்குகிறவர்கள் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் குதிகாலை மணலில் புதைத்துப் புதைத்து இறங்குவார்கள். மணலில் போனதும் நடையின் சத்தமே மாறிவிடும். வெட்டிவேரின் மேல் தெளித்த தண்ணீர் வெயிலில் ஆவியாகி வாசனையை நாலாபக்கமும் தள்ளும். எதிர்க்கரை ஏறும்போது பின்னால் இருக்கிறவர்களின் தோளில் முழுப் பாரமும் வந்து விழ, கூட்டத்திலிருந்து யார் யாரோ ஓடிப் போய்க் கை கொடுப்பார்கள். வழியெல்லாம் நீர்மோர், பானகம், தயிர்சாதம், விசிறி. யார் வீட்டுத் திண்ணை என்று கேட்காமல் உட்காரலாம். கும்பகோணத்திலும் சக்கராப்பள்ளியிலும் மயிலாடுதுறையிலும் இதே மாதிரியான ஏழூர் விழாக்கள் உண்டு. ஆற்றால் பிரிந்து கிடக்கிற ஊர்கள், ஆறு ஓய்ந்திருக்கும்போது ஒன்றையொன்று போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாமிகள் அந்தச் சாக்கைக் கொடுத்தார்கள்.

இந்தக் கொண்டாட்டத்தில் எங்கள் மேட்டு நிலத்துக்கும் ஒரு கை உண்டு. பூலாம்பாடிக்குப் பக்கத்து ஊர் அரும்பாவூர். அங்கேயும் தழுதாழையிலும் மரச்சிற்பிகள் தலைமுறை தலைமுறையாகக் கோயில்களுக்கு வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் செய்து அனுப்புகிறார்கள். பட்டறைக்குள் நுழைந்தால் வாகையும் மாவும் வேம்பும் அறுபட்ட வாசனை. குதிரையின் முன்னங்கால் ஒரு பக்கம், யாளியின் வாய் ஒரு பக்கம், இன்னும் கண் திறக்காத நந்தி ஒன்று மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் கிடைத்தது. ஒன்று வறண்ட மண்ணில் நின்று இறுகிய மரத்தில் செய்வது. மற்றது குளத்துத் தண்ணீரில் வளர்ந்த பஞ்சு போன்ற தண்டில் செய்வது. இரண்டு அங்கீகாரங்களும் ஒரே நேரத்தில் வந்தது எனக்குப் பிடித்த செய்தி. மேடும் பள்ளமும் ஒன்றை நம்பி ஒன்று இருப்பதைப் பாசன வரைபடங்களைவிட இந்தக் கைவேலைகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் அதே 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது அரியலூர் மாவட்டம் அதற்கு வெளியே நின்றுவிட்டது. திருமழபாடியின் வடகரை அந்தக் கோட்டுக்கு வெளியே, வைத்தியநாதன்பேட்டையின் தென்கரை உள்ளே. மாப்பிள்ளை வீடு பாதுகாக்கப்பட்டது, பெண் வீடு விடுபட்டது. ஆற்றின் நடுவே கோடு போட்டால் மணலில் எந்தத் துகள் எந்தப் பக்கம் என்று யார் பிரிப்பது?

மணலைப் பற்றிச் சொன்னது வயலுக்கும் பொருந்துகிறது. தையில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது டெல்டாவின் வழக்கம். நெல் அறுபடும்போது கீழே இரண்டிலைப் பயிர் முளைத்து நிற்கும். அதற்குப் பிறகு தண்ணீர் கட்டுவதில்லை. வண்டலில் மிச்சமிருக்கும் ஈரமும் இரவில் இறங்கும் பனியும் போதும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய ஏ.டி.டீ.3 உளுந்து இப்படிப்பட்ட தரிசு நிலத்துக்கென்றே பேர் வாங்கியது. பங்குனியில் கரையிலிருந்து பார்த்தால் வயல்வெளி முழுக்கப் பச்சையாக இருக்கும். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதன் பட்டைச் சக்கரம் முளைத்த பயிரை நசுக்கிவிடுகிறது என்று பலர் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். விடாதவர்களின் வயல்களில் உளுந்து பிடுங்குவது பெண்களின் வேலை. வெயில் ஏறினால் நெற்று வெடித்துக் கொட்டிவிடும் என்பதால் இருட்டோடு எழுந்து, பனி ஈரம் காய்வதற்குள் பிடுங்கிக் குவித்தாக வேண்டும். பயறும் எடுத்த பிறகு இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து வரும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுகிறார்கள், வாத்துக்காரர்கள் வருகிறார்கள். வசந்தகால உலா என்று எழுதும்போது நமக்கு வேனில் வருகிறவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். அதே மாதத்தில் வேலைக்காக ஊர் விட்டு ஊர் நடக்கிறவர்களும் டெல்டாவின் மண்ணில்தான் நடக்கிறார்கள். பல்லக்குக்கு நீர்மோர் கொடுத்த பந்தல் கிடைக்காரருக்கும் கொடுத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. சில ஊர்களில் கொடுத்திருக்கும், சில ஊர்களில் எட்ட நிறுத்திக் கை குவிக்கச் சொல்லி ஊற்றியிருக்கும். மணலில் எல்லோரும் உட்காரலாம் என்று நான் சொல்கிற பொதுமை கரை ஏறியதும் எவ்வளவு தூரம் நீடித்தது என்ற சந்தேகத்தை நான் ஒளித்து வைக்க விரும்பவில்லை. ஆயினும் ஆற்றுப்படுகை எவனுடைய பட்டாவிலும் இல்லாத இடம். வேலியும் திண்ணையும் வாசலும் இல்லாத இடம். ஒரு கிராமத்தில் அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

இதைவிடக் கனமான சந்தேகம் ஒன்று உண்டு. 2016இல் மேட்டூர் அணை செப்டம்பரில்தான் திறந்தது, பருவமழையும் பொய்த்தது. சம்பா கருகிய அந்தப் பட்டத்தில் வயலில் மாரடைத்து விழுந்தவர்கள், மருந்தைக் குடித்தவர்கள் என்று மார்கழியிலும் தையிலும் டெல்டாவிலிருந்து சாவுச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2017 பங்குனியிலும் கொள்ளிடத்தில் மணல் கிடந்தது. வெயிலும் நாணலும் அப்படியே இருந்தன. ஆனால் அது ஓய்வெடுக்கும் ஆறு என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை செய்தவனுக்குத்தான் ஓய்வு. வேலையே கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவனின் பகலுக்கு வேறு பெயர். ஐப்பசி, கார்த்திகையில் இரு கரையும் தொட்டு ஓடிய ஆறு பங்குனியில் மணலைக் காட்டும்போதுதான் அந்த மணலில் நாம் நிம்மதியாக உட்கார முடிகிறது. முன்பு ஓடியதும் இனி ஓடப்போவதும் இரண்டு பக்கமும் இருந்தால்தான் நடுவில் இருப்பது வசந்தம். அந்த நம்பிக்கை அறுந்த வருடத்தில் அதே மணல் வறட்சியாக மட்டுமே இருக்கிறது. ஆகவே வறண்ட ஆற்றைப் புகழ்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடுவதைப் போலவே ஓய்வதையும் ஆற்றின் வாழ்வாகப் பார்த்த பழக்கம் ஒன்று நம்மிடம் இருந்தது, அதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் ஓய்ந்து கிடக்கும் ஆற்றைக் காலி இடமாகப் பார்க்கத் தொடங்கியதிலிருந்துதான் மணல் போகத் தொடங்கியது. முன்பெல்லாம் வீடு கட்டுகிறவர் மாட்டுவண்டியில் இரண்டு நடை அள்ளிப் போனால் அடுத்த வெள்ளம் அந்தக் குழியை மூடிவிடும். நகரங்கள் வளர்ந்தன, பொக்லைனும் லாரியும் வந்தன, 2003இல் மணல் குவாரிகளை அரசே பொதுப்பணித்துறை மூலம் எடுத்து நடத்தத் தொடங்கியது. தண்ணீர் இல்லாத மாதங்கள் லாரி இறங்குவதற்குத் தோதான மாதங்களாயின. பல்லக்கு இறங்கிய அதே கரைச் சரிவுகளில் லாரிக்குப் பாதை வெட்டினார்கள். மேலே கட்டிய அணைகளில் புதுமணல் தேங்கிவிடுகிறது. கீழே கிடந்தது பல்லாயிரம் ஆண்டுகளில் மேற்கு மலைப் பாறைகள் நொறுங்கி வந்து சேர்ந்தது. எடுத்ததற்கு ஈடாக வந்து சேர்வது மிகக் கொஞ்சம். மணல் போன இடத்தில் களிமண் தலைகாட்டுகிறது, சீமைக்கருவை முளைக்கிறது, கரையோரக் கிணறுகளின் மட்டம் இறங்குகிறது. புதுத்தண்ணீர் வரும்போது அடியில் இருக்கும் குழி தெரியாமல் குளிக்க இறங்கிய பிள்ளைகள் திரும்பாத வீடுகள் இரண்டு கரையிலும் உண்டு. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது திருச்சியில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் 1836இல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. அடிமணல் அரித்துப் போனதுதான் காரணம் என்று உழவர்களும் பொறியாளர்கள் பலரும் சொன்னார்கள். திருமானூர்ப் பகுதி மக்கள் மணல் குவாரி வேண்டாம் என்று தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களில் பலர் நந்தி கல்யாணத்துக்கு வருகிறவர்கள்தான். திருவிழா ஆற்றைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இவ்வளவு திருவிழாக்கள் நடந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவு மணலும் போயிற்று. ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது காலால் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லை என்பது தெரிந்தது. குரல் முதலில் எழுந்ததும் அவர்களிடமிருந்துதான்.

கோடை விடுமுறையில் எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப் போவார்கள். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன மரம் அது. பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். கடல் அப்போது இந்த இடம் வரைக்கும் இருந்தது. எங்கிருந்தோ வந்து கடலடி மணலில் புதைந்த மரம் கல்லாயிற்று. அரியலூர் மண்ணைக் கிளறினால் கிளிஞ்சலும் நத்தையும் கிடைப்பதும் அதனால்தான். இன்றைக்குச் சொட்டுத் தண்ணீருக்குக் கிணறு இறங்குகிற எங்கள் மேட்டு நிலத்தின் விளிம்பு ஒரு காலத்தில் ஆறுகள் மண்ணைக் கொண்டு வந்து கொட்டிய கரை. இதைக் கேட்டுவிட்டு, எல்லாம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது, கொள்ளிடமும் மாறிவிட்டுப் போகட்டும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. கடல் விலகக் கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஆற்று மணல் ஒரு தலைமுறையின் கண்ணெதிரே இறங்கியது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பொறுப்பைக் கைகழுவுவதற்கு மட்டுமே உதவும். பொறுப்பேற்க முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறைக்கிற கரைவெட்டி ஏரியை 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் குளிர்காலம் முழுதும் அங்கே தங்கி, வெயில் ஏறும் மாதங்களில் புறப்பட்டுப் போகின்றன. ஏரி வற்றுவதும் அவை போவதும் மறுபடி நிறைவதும் அவை வருவதும் ஒரே சுற்று. வற்றுகிற மாதத்தில் அந்த ஏரியை யாரும் பிளாட் போட்டு விற்றுவிடக் கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. வற்றுகிற மாதத்தில் ஆற்றை அள்ளி விற்கக் கூடாது என்பதற்கு அதே உறுதியோடு ஒரு காவல் எங்கே இருக்கிறது?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்றைக்கு எத்தனை அடி என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் செய்தியில் சொல்கிறார்கள். டீக்கடையில் அதை வைத்துத்தான் பேச்சு தொடங்குகிறது. ஆற்றில் மணல் மட்டம் இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆள் இல்லை. தண்ணீரை மட்டும் எண்ணப் பழகியதால்தான் அது நின்று தங்குகிற படுகையை எண்ணாமல் விட்டோம். நந்தி கல்யாணம் ஒவ்வொரு பங்குனியிலும் வருகிறது, ஏழூர் ஒவ்வொரு சித்திரையிலும் வருகிறது. அன்றைக்குக் கரையில் ஊர் முழுக்கக் கூடியிருக்கிறது. பல்லக்கு இறங்குகிற துறைகளில் ஒரு கல்தூண் நட்டு அடிக்கணக்கைக் கொத்தி வைத்து, ஒவ்வொரு வருடமும் திருவிழா நாளில் மணல் எந்தக் கோட்டில் நிற்கிறது, எத்தனை முழம் தோண்டினால் ஊற்றுக் கண் திறக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கில் சொல்லி எழுதி வைக்கலாம். இதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. கொட்டாங்கச்சியும் ஒரு முழக்கோலும் போதும். பிறகு அள்ளுவதற்கு அனுமதி கேட்டு யார் வந்தாலும் அந்த ஏட்டைக் காட்டி, எங்கள் மணல் இத்தனை வருடத்தில் இவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இரு கரை ஊர்களும் கணக்கோடு பேச முடியும். அந்தக் குழியில் ஊறுகிற தண்ணீர் பெரம்பலூர் வரைக்கும் போகிறது என்பதால் அளக்கிற நாளில் பூலாம்பாடிக்காரர்களும் வேன் பிடித்து வந்து கூட நிற்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.